முடக்கில் கட்டிய எச்சரிக்கை

நன்னடத்தை உத்தியோகத்தர்களாகப் புதிதாக நியமனம் பெற்றிருக்கும் பிள்ளைகளே, போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நான் தயாரித்துக்கொண்டு வந்ததைப் பேச நீங்கள் விடவே இல்லை. பாதியிலேயே பின்வரிசையிலிருந்து ஒரு தங்கச்சி எழுந்து, “மிஸ், சில வெளிநாடுகள்ல பிள்ளைகளக் கெடுத்தவங்களோட பேரு, படம், விலாசம் எல்லாத்தையும் யாரும் பாக்கிற மாதிரி போட்டுர்றாங்களே. நாமளும் அப்படி ஒரு பதிவேடு வச்சா என்ன?” என்று கேட்டது. வகுப்பே கைதட்டியது. எனக்குக் கிடைத்த ஐந்து நிமிடத்தில் சொன்ன பதில் எனக்கே பிடிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த நாட்டில் அப்படியொரு பகிரங்கப் பதிவேடு வரலாம், வராமலும் போகலாம். ஆனால் நான் ஒன்றைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், பஸ் நிற்கும் முடக்கில், இரண்டு சவுக்கு மரங்களுக்கு இடையே அது தொங்கியது. மலைப்பாதை வளைந்து திரும்பும் இடத்தைத்தான் நாங்கள் முடக்கு என்போம். தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது போகப்போக உங்களுக்கே விளங்கும்.

நானும் உங்களைப் போல நன்னடத்தை உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெறுவதற்குக் கொஞ்ச நாள் முந்திய கதை இது. ஒரு சனிக்கிழமை, ஹட்டன் சந்தையில் லீக்ஸ் விலை கேட்டுக்கொண்டிருந்தபோது கவிதாவின் அழைப்பு வந்தது.

கவிதா யாரென்று சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் அந்தத் தோட்டத்திலேயே ஓர் ஆளிடம் கெடுதல் பட்டவள். அவளுடைய வழக்கை முதல் நாளிலிருந்து பார்த்தவள் நான். வழக்கு நடந்த காலத்தில் தோட்டத்தில் வாய்கள் சும்மா இருக்கவில்லை. பீலிக்கரையில் தண்ணீர் எடுக்கப் போனால் பேச்சு நிற்கும், அவள் திரும்பினால் பேச்சு தொடங்கும். பொறுக்க முடியாமல் அவளை வலப்பனையில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்பினோம். அங்கேயே படித்து முடித்தாள். பேச்சு அடங்கிப்போன பிறகு, வளர்ந்த பெண்ணாகத் தாயிடம் திரும்பி வந்தாள். அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமையிலிருந்து தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் உதவியாளராக வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அந்த வேலை அவளுக்குக் கிடைத்தபோது எனக்கே முதல் நியமனம் கிடைத்த மாதிரி குதித்தேன். குதிக்கிற உடம்பு இல்லை என்னுடையது, இருந்தாலும் குதித்தேன்.

“மிஸ், முடக்குல பேனர் கட்டியிருக்காங்க. அந்தாளு படத்தப் போட்டு” என்றாள். “அவரு உள்ள இருந்து வெளிய வந்துட்டாராம். இந்தக் கிழம அவரு அம்மா வீட்டுக்கு வாராராம். நான் வலப்பனைக்கே போயிரவா?”

“அவரப் பாத்துப் பயமா இருக்கா?”

“அவரப் பாத்து எனக்கென்ன பயம் மிஸ்? பயப்பட வேண்டியது அவருதான். எல்லாரும் மறுபடியும் என்னயப் பாத்து அய்யோ பாவம்னு சொல்லுவாங்கல்ல, அத என்னால தாங்க முடியாது.”

அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் நிதானமாகப் பேசினாள். பையில் துணி வைத்துக்கொண்டே பேசுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. “நான் வந்து சேருற வரைக்கும் எங்கயும் போகாத” என்று சொல்லிவிட்டு, லீக்ஸை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

என்னுடைய முதல் மேலதிகாரி ஒரு சிங்களப் பெரியவர். அதிகம் பேசமாட்டார். ஏதாவது பிரச்சினை என்று கோப்புகளைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஓடிப்போனால், முதலில் “லமயா கோ?” என்றுதான் கேட்பார். பிள்ளை எங்கே என்று அர்த்தம். குற்றவாளி எங்கே, பொலிஸ் எங்கே, பத்திரிகைக்காரன் எங்கே என்பதெல்லாம் அவருக்கு அப்புறம்தான். அன்று பஸ்ஸில் போகும்போது எனக்குத் தெளிவாக இருந்த விஷயமும் அது ஒன்றுதான். கவிதா திங்கட்கிழமை பிள்ளைக்காம்பராவில் இருக்கவேண்டும், வலப்பனை பஸ்ஸில் இருக்கக்கூடாது.

பூண்டுலோயாவில் இறங்கியதும் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அதே தோட்டத்து செல்வா. அந்தத் தோட்டத்தில் நடக்கும் எல்லாக் காரியத்திலும் முன்னால் நிற்பவர். சாவு வீட்டுக்கு உட்காரக் கதிரை தூக்குவதும் அவர்தான், தேர்த் திருவிழாவுக்கு மைக் கட்டுவதும் அவர்தான். இளைஞர் கழகத்துக்குத் தலைவரும் அவரே. வெள்ளைச் சட்டை, தலை நிறைய எண்ணெய், நெற்றியில் சந்தனம் என்று அன்றைக்கு ஆள் பளபளவென்று இருந்தார்.

“வாங்க மிஸ், வாங்க! இன்னைக்கு நம்ம வீட்டுல விசேசம். வசந்திய பொண்ணு பாக்க அக்கரப்பத்தனையிலருந்து வாராங்க. முடக்குல நின்னு கூட்டிப்போகணும்.” வசந்தி அவருடைய தங்கச்சி. “அதோட மிஸ், உங்களுக்கு ஒரு சாமான் காட்டணும். பாத்தீங்கன்னா நீங்களே பாராட்டுவீங்க.”

எனக்குத் தெரியாதது போல ஏறி உட்கார்ந்தேன்.

முடக்கில் இறங்கிப் பார்த்தேன். ஐயோ, அந்தப் பேனரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! நம் தோட்டங்களில் பேனர் அடிக்காத காரியம் கிடையாது. புலமைப்பரிசில் சோதனை பாஸ் பண்ணினால் பேனர், பிள்ளை பெரியவளானால் பேனர், பெரியவர் செத்தால் பேனர். அச்சடிக்கும் கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே அச்சுதான். இதற்கும் அதையே போட்டுவிட்டார்கள். ஓரமெல்லாம் ரோசாப்பூ. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. மேலே சிவப்பில் ‘எச்சரிக்கை! சிறுவர் துஷ்பிரயோகம்!’ அதற்குக் கீழே அந்த ஆளின் படம். ஏதோ பழைய திருவிழாப் படத்திலிருந்து வெட்டி எடுத்து பெரிதாக்கியதில் விபூதி மட்டும்தான் தெரிந்தது, முகம் கலங்கிப்போயிருந்தது. பக்கத்தில் பேரும், அவர் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தின் பேரும், இன்ன குற்றம் என்பதும். எல்லாவற்றுக்கும் அடியில், வட்டம் வட்டமாக, இளைஞர் கழகத்து அங்கத்தவர்கள். கறுப்புக் கண்ணாடி, கட்டிய கை, பளிச்சென்ற முகங்கள். நடுவில் பெரிய வட்டத்தில் தலைவர் செல்வா.

“எப்படி மிஸ்?” என்றார் செல்வா.

“படமெல்லாம் தெளிவா இருக்கு” என்றேன். வேறென்ன சொல்வது?

அவரைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவருடைய பக்கத்தில் நியாயம் இருந்தது. “என் மகளுக்கு ஆறு வயசு மிஸ்” என்றார். “அவ ஆத்தா கொழுந்து பறிக்க மலைக்குப் போயிடுவா, நான் ஆட்டோவோட போயிடுவேன். அந்தாளு வந்து இருக்கப்போற அம்மா வீடு எங்க லயத்துக்குப் பின்னாலதான். யாருன்னு எல்லாருக்கும் தெரியவேணாமா? முன்னக்கி தெரியாமத்தானே கவிதா புள்ளைக்கு அப்படி நடந்துச்சு. அந்தப் புள்ளைக்காகத்தான் மிஸ் இதக் கட்டினேன்.”

“அந்தப் புள்ளகிட்ட கேட்டீங்களா?”

செல்வா பேனரைப் பார்த்தார். “அதுகிட்ட எப்படி மிஸ் போய் இதக் கேக்குறது?”

“கேக்க வாய் வரல. முடக்குல கட்ட மட்டும் கை வந்துச்சு.”

கொஞ்சம் காரமாகத்தான் சொல்லிவிட்டேன். அவருடைய முகம் இறுகியது. “நீங்க பொலிஸக் கூட்டியாந்து கழட்டினாலும் பரவால்ல மிஸ். படம் என் போன்ல இருக்கு. நாளைக்கு பேஸ்புக்ல போடப்போறோம். அத யாரு கழட்டுவாங்க?”

பிள்ளைகளே, உங்களுக்கு இந்த இடம் கட்டாயம் வரும். சட்டம் என் பக்கம்தான் இருந்தது. பாதிக்கப்பட்ட பிள்ளை யாரென்று தெரியவரும்படி எதையும் வெளியிடக்கூடாது. ஒரு தோட்டத்தில், ஒரு லயத்தின் பேரோடு, ஓர் ஆளின் குற்றத்தை எழுதினால் பிள்ளை யாரென்று தெரிய எவ்வளவு நேரமாகும்? பொலிஸைக் கூப்பிட்டால் பேனர் அரைமணி நேரத்தில் இறங்கும். அதே அரைமணி நேரத்தில் அது பேஸ்புக்கில் ஏறும். நுவரெலியா மாவட்டம் முழுக்கப் பார்க்கும். சட்டப்படி சரியாக நடந்துகொண்டேன் என்று நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம். கவிதா வலப்பனைக்குப் போயிருப்பாள். செல்வாவே தன் கையால் கழற்ற வேண்டும், அதுவும் இன்றைக்கே. எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் அக்கரப்பத்தனை வேன் வந்து நின்றது.

கதவு திறந்து, மாப்பிள்ளையின் தாய்மாமன் முதலில் இறங்கினார். பெரிய மீசை, தோளில் சால்வை. செல்வா கும்பிட்டார். தாய்மாமன் கும்பிடுவதற்குக் கையைத் தூக்கியவர் பேனரைப் பார்த்தார். செல்வாவைப் பார்த்தார். மறுபடியும் பேனரைப் பார்த்தார்.

“தம்பி, இதுல நடுவுல இருக்கிறது நீங்கதானே?”

“ஆமாங்க, நான்தாங்க!” என்றார் செல்வா பெருமையாக.

தாய்மாமன் தூக்கிய கையை இறக்கவுமில்லை, கும்பிடவுமில்லை. வேனுக்குள் இருந்த பெண்கள் ஒருவர் பின்னால் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். “ஆத்தாடி, மொத்தம் ஏழு பேரு!” என்று ஒரு குரல் கேட்டது. “பொண்ணோட அண்ணன்தான் பெரிய படம்” என்றது இன்னொரு குரல். தாய்மாமன் டிரைவரிடம், “வண்டியத் திருப்புப்பா” என்றார்.

செல்வாவுக்கு அப்போதுதான் விளங்கியது. “அய்யோ, இல்லீங்க! நாங்க கட்டினவங்க! அவருதாங்க ஆளு, மேல இருக்காரே, அந்த விபூதி!” என்று வேனுக்கு முன்னால் ஓடிக் கையை விரித்துக்கொண்டு நின்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். உதவி செய்யலாம் என்று முன்னால் போய், “பயப்படாதீங்க ஐயா, நான் நன்னடத்தை உத்தியோகத்தர்” என்றேன்.

தாய்மாமன் என்னை ஏறிட்டுப் பார்த்தார். “இந்தத் தம்பியப் புடிக்கத்தான் வந்தீங்களாம்மா?”

சிரிக்கக்கூடாத இடத்தில் சிரித்துவிட்டேன். வயிறு குலுங்கச் சிரித்தேன். அது என்ன நல்லது செய்ததென்றால், தாய்மாமனும் நிதானித்தார். ஆள் பிடிக்க வந்த உத்தியோகத்தர் இப்படிச் சிரிக்கமாட்டார் என்று நினைத்திருப்பார். ஒருவழியாக விளக்கிச் சொன்னோம். “அப்படின்னா சரி. ஆனா இந்த மிஸ்ஸும் வீட்டுக்கு வரணும்” என்றார். சாட்சிக்கு ஆள் வேண்டுமாம்!

செல்வாவின் வீட்டில் லட்டு, முறுக்கு, வாழைப்பழம் எல்லாம் தட்டில் தயாராக இருந்தன. அவருடைய தாய் பார்வதியம்மா ஓடியோடிப் பாய் விரித்தார். வசந்தி தேத்தண்ணியோடு வந்தாள். பின்னால் பலகாரத் தட்டை ஏந்திக்கொண்டு வந்தது கவிதா. இரண்டு பேரும் சிநேகிதிகள். தன் மனசு சரியில்லாத நாளிலும் சிநேகிதிக்குப் பூ வைத்துவிட வந்திருந்தாள். என்னைப் பார்த்துக் கண்ணால் மட்டும் சிரித்தாள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. மாப்பிள்ளை வெட்கப்பட்டார். பெண்கள் வசந்தியின் நீண்ட தலைமுடியைப் பாராட்டினார்கள். தாய்மாமன் லட்டுவைக் கையில் எடுத்தவர் வாயில் போடாமல் செருமினார்.

“கேக்குறேன்னு தப்பா நெனக்காதீங்க. எங்க ஊர்ல நாலு பேரு கேட்டா நான் பதில் சொல்லணும். அந்தப் பேனர்ல உள்ள ஆளு கெடுத்தது எந்தப் புள்ளய? இந்த வீட்டுப் புள்ளயா?”

வசந்தியின் முகம் வெளிறியது. அவர் கேட்டதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பேனரைப் பார்த்த யாருக்கும் மனதில் வரும் கேள்விதான், இவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். பார்வதியம்மா பதறிப்போனார். பெற்ற மகளின் வாழ்க்கையல்லவா?

“அய்யய்யோ, எங்க வீட்டுப் புள்ள இல்லீங்க! சாமி சத்தியமா இல்ல. அது வந்து, நம்ம…”

அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். பலகாரத் தட்டோடு கவிதா அவருக்கு எதிரேதான் நின்றாள். பார்வதியம்மாவின் வாய் திறந்தபடி இருந்தது. நான் ஏதாவது சொல்லியாகவேண்டும் என்று எழும்பப் பார்த்தேன். அதற்குள் கவிதா பேசினாள். தாய்மாமனிடம் பேசவில்லை, செல்வாவிடம் பேசினாள்.

“செல்வாண்ணே, பேனர்ல நீங்க போட்டது அந்தாளு பேர மட்டுந்தான். ஆனா பாக்குறவங்க எல்லாரும் கேக்குறது அந்தப் புள்ள பேரத்தானே. இன்னைக்கு இந்த வீட்டுல கேட்டாங்க. நாளைக்கு அடுத்த வீட்டுல கேப்பாங்க. ஒவ்வொரு வீடா எங்க புள்ள இல்ல, எங்க புள்ள இல்லன்னு சொல்லிக்கிட்டே வந்தா, கடைசியில அப்படிச் சொல்ல முடியாத வீடு ஒன்னு மிஞ்சும்ல. அந்த வீட்டுக்காரங்க என்னண்ணே செய்வாங்க?”

அவள் ‘அந்தப் பிள்ளை’ என்றுதான் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு, தோட்டத்துப் பெண் ஒருத்தி நியாயம் பேசுகிறாள் என்பதற்கு மேல் எதுவும் தெரிந்திருக்காது. சொல்லிவிட்டுத் தட்டை நேராகப் பிடித்துக்கொண்டு தாய்மாமன் முன்னால் நீட்டினாள். “முறுக்கு எடுத்துக்குங்க” என்றாள். இத்தனை வருட உத்தியோகத்தில் அவ்வளவு தைரியத்தை நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

செல்வா அடுப்படிக்குப் போய் கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தாய்மாமன் திடுக்கிட்டு, “எங்கம்மா போறாரு?” என்றார். “பேனர் கயித்த அறுக்கத்தான் ஐயா” என்றேன். கொஞ்ச நேரத்தில் பேனரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். போனை என் கையில் கொடுத்து, “நீங்களே அழிச்சிருங்க மிஸ். கழகத்து குரூப்லயும் எல்லாரயும் அழிக்கச் சொல்லிட்டேன்” என்றார்.

“நான் கேட்டதயும் யாரும் மனசுல வச்சுக்காதீங்க. அந்தப் புள்ள யாரா இருந்தாலும் நல்லா இருக்கட்டும்” என்றார் தாய்மாமன். பிறகு நிலைமையைச் சமாளிக்க வசந்தியைப் பார்த்து, “பொண்ணு என்ன சொல்லுது? சம்மதமா?” என்றார்.

வசந்தி தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: “கல்யாணப் பேனர்ல அண்ணன் படம் போடாட்டி சம்மதம்.”

வீடே சிரித்தது. செல்வாதான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். தாய்மாமன் அப்போதுதான் லட்டுவை வாயில் போட்டார்.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தீர்களானால் நம் வேலை உங்களுக்குப் பிடிபடவில்லை. மறுநாள் காலையில் பிள்ளைக்காம்பரா வாசலில் தாய்மார் கூடினார்கள். செல்வாவின் மனைவி ராணி கொழுந்து பறிப்பவர், பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

“பேனரக் கழட்டியாச்சு, சரி. நாளைக்கு நாங்க மலைக்குப் போவோம். புள்ளைங்களுக்கு என்ன காவல் மிஸ்?”

அது நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் பேனரைக் கழற்றச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

நான் திருப்பிக் கேட்டேன். “அந்த ஆளு முன்னாடி எப்படி இருந்தாரு?” ஒரு கிழவி சொன்னார்: “கோயில்ல பஜனை பாடுவாரு. புள்ளைங்கள அவருகிட்ட விட்டுட்டுத்தான் போவோம்.” ஆமாம், அப்படித்தான். அந்தக் காலத்தில் நூறு பேனர் அடித்திருந்தாலும் அவருடைய படம் எதிலும் இருந்திருக்காது. கீழே வட்டத்துக்குள் வேண்டுமானால் இருந்திருக்கும். பேனரில் மாட்டிய முகம் ஒன்றையே பார்த்துப் பயந்துகொண்டிருந்தால், மாட்டாத முகங்களிடம் பிள்ளையை நாமே கொண்டுபோய்க் கொடுப்போம். இதைச் சொன்னபோது ராணி இடுப்பிலிருந்து கையை எடுத்தார்.

பிறகு எல்லோருமாகச் சேர்ந்து யோசித்தோம். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து கடைசிக் கொழுந்து நிறுக்கும் வரைக்கும் லயத்தில் பெரியவர்கள் இல்லை. ஆபத்து இருப்பது அந்த நேரத்தில். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் பெரிய பிள்ளைகளும் நேரே பிள்ளைக்காம்பரா விறாந்தைக்கு வரவேண்டும். தாய் வந்தால் தாயோடு போகலாம். வேறு யார் கூட்டிப்போவதாக இருந்தாலும் தாய் வந்து நேரில் சொல்லவேண்டும். பெரியப்பா, மாமா, பூசாரி, கழகத்துத் தலைவர் என்று யாருக்கும் சலுகை கிடையாது. இந்தக் கடைசி வரியை ராணிதான் சேர்த்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார்கள்.

அந்த ஆளுடைய விஷயத்தையும் விடவில்லை. தண்டனையை அனுபவித்து முடித்தவர் மேல் எனக்குச் சட்டப்படி அதிகாரம் ஒன்றும் இல்லை. ஆனால் அவருடைய அண்ணன் நல்ல மனிதர். தம்பியைத் தன் மரக்கறித் தோட்டத்திலேயே தங்கவைத்து வேலைக்கு வைத்துக்கொள்வதாகவும், பள்ளிக்கூடம், பிள்ளைக்காம்பரா பக்கம் வராமல் பார்த்துக்கொள்வதாகவும் பொறுப்பேற்றார். பொலிஸுக்கும், பள்ளிக்கூட அதிபருக்கும், தோட்டத்துத் தலைவருக்கும், பிள்ளைக்காம்பரா பொறுப்பாளருக்கும் நானே நேரில் சொன்னேன். தெரியவேண்டியவர்களுக்கு எல்லாம் தெரிந்தது. கவிதாவிடமும் கேட்டேன், உனக்கு என்ன வேணும் என்று. “கோயில் பாதையில நான் நடப்பேன் மிஸ். அதுல அவரு வரக்கூடாது” என்றாள். அதையும் அண்ணனிடம் சொல்லி வாக்கு வாங்கினேன். தாயைப் பார்க்க அவர் தம்பியை வேறு வழியாகத்தான் கூட்டிவந்தார்.

பதிவேடே கூடாது என்று சொல்லும் ஆள் நான் இல்லை. பொலிஸிடமும் நீதிமன்றத்திடமும் நம்மிடமும் அந்த விபரம் இருக்கவேண்டும். பிள்ளைகளோடு வேலை செய்ய ஆள் எடுக்கும்போது கட்டாயம் பார்க்கவேண்டும். எல்லோருக்கும் திறந்துவைத்தால்தான் பிள்ளைகள் பிழைக்கும் என்று யாராவது எனக்குக் காட்டினால் என் கருத்தை மாற்றிக்கொள்ளவும் தயார். இதுவரைக்கும் யாரும் காட்டவில்லை. பின்வரிசைத் தங்கச்சி, உங்களுக்கு அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

திங்கட்கிழமை எனக்கு அந்தப் பக்கம் வேலை எதுவும் இல்லை. இருந்தாலும் போனேன். பிள்ளைக்காம்பரா விறாந்தையில் பிள்ளைகளின் சத்தம் முடக்கு வரைக்கும் கேட்டது. கவிதா நீலச் சேலை கட்டி, கேற்றுக்குப் பக்கத்தில் நின்றாள். ஒரு குழந்தை அவளுடைய முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது. வலப்பனையைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அப்போது செல்வா ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார். பல் டொக்டரிடம் காட்ட மகளைக் கூட்டிப்போக வந்திருந்தார். “பாப்பா, வா போவோம்” என்று கேற்றைத் திறக்கப் போனார். கவிதா கேற்றின் மேல் கையை வைத்தாள்.

“ராணியக்கா வந்து சொல்லணும்ணே.”

“நான் அப்பன் தாயி!”

“தெரியும்ணே. அக்கா வந்து சொல்லணும்.”

செல்வா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் முகத்தில் கோபம் வருமா, சிரிப்பு வருமா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு கையை வாயருகே குவித்து, மேலே மலையைப் பார்த்து, “ராணீ…!” என்று கூப்பிட்டார். எதிர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். விஷயம் மேலே போய்ச் சேர்வதற்குள் மலை முழுக்கச் சிரிப்பு பரவிவிட்டது. கடைசியில் ராணியின் குரல் வந்தது.

“குடுத்துரு கவிதா! என் புருசன்தான்! நல்லவருதான்!”

கவிதா கேற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. தலையை நிமிர்த்தி, தோட்டம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

“நல்லவங்களுக்கும் இதேதான் அக்கா! இறங்கி வாங்க!”

மலையில் கைதட்டல் எழுந்தது. ராணி கூடையைக் கழற்றிவைத்துவிட்டு இறங்கத் தொடங்கினார். செல்வா கேற்றுக்கு வெளியே படியில் உட்கார்ந்து, மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே காத்திருந்தார்.